வளையமும் தகரத்துண்டும்

கொத்மலைக்கும் கடலுக்கும் வெகுதூரம். ஆனா நாங்க இங்க இருக்கிறதுக்குக் காரணமே அந்தக் கடல்தான். அதனால, இலங்கையின் மேற்குக் கரையோரமாத் தெற்கு நோக்கிப் பறக்கிற ஆலாக்களைப் பற்றி வாசிச்சப்போ, அது வெறும் பறவைக் கதையா எங்களுக்குத் தெரியல.

முதுகு கரும்பழுப்பா இருக்கிற ஒருவகை ஆலா, 'பிரிடில்ட் டேர்ன்'. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்கள்ல கூட்டங்கூட்டமாக் கொழும்புக்கு அப்பால கடல் மேல கடந்து போகும். இந்தப் பெருவலசையைக் கவனிச்சு எழுதினவர் ரெக்ஸ் டி சில்வா. அவருடைய கட்டுரை 1987இல் வந்தது. அவருக்கு முன்னால, 1955இல் இலங்கைப் பறவைகளுக்குக் கையேடு எழுதிய ஜி. எம். ஹென்றி, கந்தப்பளையில ஒரு தேயிலைத் தோட்டத்தில பிறந்தவர். கரையில நின்று எண்ணுறவங்க எழுதிவைக்கிறது நாலே விஷயம்: நாள், இடம், எண்ணிக்கை, திசை.

அதே கரையை மனுசரும் கடந்தாங்க. 19ஆம் நூற்றாண்டில, கோப்பி பழுக்கிற காலத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து தோணியில மன்னாருக்கு வந்து, அங்கிருந்து காட்டுவழியா மாத்தளை வரை நடந்தாங்க. பறிச்சு முடிஞ்சதும் பலர் ஊர் திரும்பினாங்க. கொலராவிலயும் காய்ச்சலிலயும் பசியிலயும் வழியில செத்தவங்களுக்கு முழுக்கணக்கு கிடையாது. 1869இல் கோப்பி இலைநோய் வந்தது. பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்கு வருசம் முழுக்கக் கொழுந்து பறிக்கணும். வந்து போனவங்க குடும்பத்தோட லயத்தில தங்கிட்டாங்க.

பறவை ஆய்வாளர்கள் வலசைப் பறவையின் காலில எண் பொறிச்ச வளையம் மாட்டுவாங்க. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில எங்க ஆட்களுக்கும் எண் பொறிச்ச ஒரு தகரத்துண்டு கிடைச்சது. அதில இருந்தது மாவட்டத்துக்கான எழுத்தும் தோட்டத்தின் இலக்கமும். வளையம், பறவை எங்க போச்சுன்னு தெரிஞ்சுக்க. தகரத்துண்டு, ஆளை எந்தத் தோட்டத்தில சேர்க்கணும், வழிச்செலவை எந்தத் தோட்டத்துக் கணக்கில எழுதணும்னு தெரிஞ்சுக்க.

இந்த ஒப்பீட்டை இதுக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு நினைக்கிறோம். வலசைப் பறவைன்னா, வந்த இடத்துக்கே திரும்பணும்னு ஒரு எதிர்பார்ப்பு இருக்கு. 1948 குடியுரிமைச் சட்டம் எங்களை அப்படித்தான் பார்த்தது, பெரும்பாலானோர் நாடற்றவரானாங்க. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம்! இங்கயே பிறந்து வளர்ந்தவங்களும் தலைமன்னாரில கப்பலேறினாங்க. பறவையை அனுப்புறது பருவம். இவங்களை அனுப்பினது கையெழுத்து.

மொத்தக் கணக்கு எப்பவும் இருந்திருக்கு. ஆள்கணக்குத்தான் இல்ல. ஆலாவை எண்ணுறவங்க எழுதுற அந்த நாலு விஷயத்தோட பெயரையும் சேர்த்து, ஒவ்வொரு லயத்திலயும் இருக்கிற தாத்தா பாட்டிமார்கிட்டக் கேட்டு எழுதிவைக்கலாம். கேட்கிறதுக்கு அவங்க இன்னும் இருக்காங்க.