பஃபி: எட்டாம் பருவம்

அமெரிக்காவில் 1997 முதல் 2003 வரை ஏழு பருவங்களாக, 144 பகுதிகளில் ஒளிபரப்பான ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ என்னும் இரத்தக்காட்டேரித் தொலைக்காட்சித் தொடரின் கதையை அது நின்ற இடத்திலிருந்து தொடர்ந்த காமிக்ஸ் வரிசை. டார்க் ஹார்ஸ் நிறுவனம் இதனை 2007 மார்ச் முதல் 2011 ஜனவரி வரை 40 இதழ்களாக வெளியிட்டது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ கதையை விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் தொடர்ந்ததைப் போலன்றி, இங்கே தொடரைப் படைத்த ஜாஸ் வீடனே மேற்பார்வையிட்டு, சில இதழ்களைத் தாமே எழுதியும் இருந்தமையால், இது மூலக்கதையின், அதாவது படைப்பாளியே ஏற்ற நிகழ்வு வரிசையின், பகுதி எனப்பட்டது; இரசிகரிடையே விவாதம் மூண்டதும் இதனாலேயே.

படப்பிடிப்புச் செலவென்னும் தளை தாளில் இல்லாததால் நாயகி பஃபியின் தங்கை டான் பேருருவம் கொண்டதைச் சிலர் வரவேற்க, நடிகரின் முகமும் குரலும் நீங்கியபின் பாத்திரங்களே அந்நியமாகிவிட்டன எனப் பிறர் வாதிட்டனர். முகமூடிப் பகைவனான ட்வைலைட், பஃபியின் பழைய காதலன் ஏஞ்சலே என 2010இல் வெளிப்பட்டதும், தீயசக்தியின் பிடியிலிருந்த அவன் கையாலேயே பஃபியின் ஆசான் ஜைல்ஸ் மாண்டதும் மிகுந்த கசப்பை விளைத்தன. அத்திருப்பத்துக்குரிய முன்தயாரிப்பு கதையில் போதாது என்ற குறை நியாயமானதே. எனினும் இவ்வரிசை 2008இல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் விருதைப் பெற்றது. பன்னிரண்டாம் பருவத்துடன் 2018இல் இக்கதைத்தொடர் முடிய, 2019இல் பூம் ஸ்டுடியோஸ் பஃபியின் கதையை முதலிலிருந்தே புதிதாகத் தொடங்கியது.