பிலத்து வழியும் கடல் வழியும்: தொண்டைமான் பிறப்புக் கதையில் நேர்ந்த ஒரு மாற்றம்

முத்தாபுதுப்பேட்டை, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தாருக்குத் தொண்டைமான் அயலான் அல்லன். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் தலக்கதையே அவனுடையதுதான். புழல் கோட்டைக் குறும்பர்மேல் படையெடுத்தவனின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. கொடியை வெட்டிய வாள் உள்ளிருந்த லிங்கத்தின்மேல் பட்டது. சிவபெருமான் நந்தியை அவனுக்குத் துணையாக அனுப்பினார். அந்தத் தொண்டைமான் எங்கே பிறந்தான் என்பதைத் தலக்கதை சொல்வதில்லை. பெரும்பாணாற்றுப்படைக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் சொல்கிறார்: நாகலோகத்தில், அதாவது பூமிக்கு அடியில்.

பூமிக்குள் வெற்றிடம் உண்டு, அங்கும் உயிர்கள் வாழ்கின்றன என்ற எண்ணம் பல நாடுகளில் பல வடிவம் எடுத்தது. திசைகாட்டி ஊசியின் மெல்லிய விலகலை விளக்க முயன்ற எட்மண்ட் ஹாலி 1692-இல் பூமிக்குள் ஒன்றினுள் ஒன்றாக ஓடுகளைக் கற்பித்தார். 1818-இல் அமெரிக்கரான சிம்ஸ் துருவங்களில் வாயில்கள் உண்டென்று அறிக்கை விட்டார். தமிழில் இதற்கு இணையானது பிலம்: மலையிலோ நிலத்திலோ திறந்து கீழுலகத்துக்கு இட்டுச்செல்லும் குகைவழி. தொண்டை நாட்டின் ஆதிக்கதைக்குள் இந்தப் பிலம் எப்போது நுழைந்தது, ஏன் நுழைந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இக்கேள்வியை எழவிடாமல் செய்தவர் முதலியார் செ. இராசநாயகம். பல்லவர் தோற்றம் பற்றி 1923-இல் அவர் எழுதிய கட்டுரையும், 1926-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பண்டை யாழ்ப்பாண வரலாறும் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. அவர் முடிவு சுருக்கமானது. நாகநாடு என்பது யாழ்ப்பாணக் குடாநாடு. கிள்ளிவளவனுக்கும் நாக அரசன் மகள் பீலிவளைக்கும் பிறந்த பிள்ளையே தொண்டைமான் இளந்திரையன். தாய்நாட்டு மணிபல்லவத்தின் பெயரே பல்லவர் குலத்துக்கு ஆயிற்று. இதைப் பலர் மறுத்துவிட்டனர். தொடக்ககாலப் பல்லவரின் பிராகிருதச் செப்பேடுகள் பாரத்துவாச கோத்திரத்தைச் சொல்கின்றன, மணிபல்லவத்தைச் சொல்வதில்லை என்ற ஒன்றே பெயர் வாதத்துக்குப் போதுமான விடை. என் மறுப்பு வேறிடத்தில் தொடங்குகிறது. மணிமேகலை சொல்லும் கதையையும் நச்சினார்க்கினியர் சொல்லும் கதையையும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு சாட்சிகளாக அவர் சேர்த்துத் தைத்தார். அந்தத் தையலைப் பிரித்தால்தான் பிலம் கண்ணுக்குத் தெரியும்.

மணிமேகலையில் சோழன் எங்கும் போகவில்லை. பீலிவளைதான் புகார்ச் சோலைக்கு வருகிறாள், ஒரு திங்கள் அவனோடு இருக்கிறாள், சொல்லாமல் போய்விடுகிறாள். பிறகு மணிபல்லவத்தில் வைத்துக் குழந்தையைக் கம்பளச்செட்டியின் கப்பலில் ஏற்றிவிடுகிறாள். கப்பல் உடைகிறது. மகனைத் தேடி அலைந்த மன்னன் இந்திரவிழாவை மறக்கிறான், புகாரைக் கடல் கொள்கிறது. குழந்தை கரையேறினான் என்றோ, திரையன் என்று பெயர்பெற்றான் என்றோ ஒரு சொல்லும் இல்லை. தொண்டைக்கொடியும் இல்லை. இவை மூன்றையும் நச்சினார்க்கினியரிடமிருந்து எடுத்து மணிமேகலைக்குள் வைத்தவர் இராசநாயகம்.

அதே காப்பியத்தில், பீடிகை கண்டு பிறப்புணர்ந்த காதையில், இன்னொரு குறிப்பு இருக்கிறது. நில நடுக்கத்தால் ஒரு நகரமும், அதனோடு நாகநாட்டில் நானூறு யோசனை அளவும், பாதலத்தில் விழுந்து அழியும் என்று ஒரு முனிவர் முன்னறிவிக்கிறார். பாதலத்தில் விழவேண்டுமானால் அந்த நாடு பாதலத்துக்கு மேலே இருக்கவேண்டும். மணிமேகலை ஆசிரியர் சாத்தனாருக்கு நாகநாடு வேறு, பாதலம் வேறு. நாகநாடு நிலத்தின்மேல் உள்ள நாடு என்று இராசநாயகம் சொன்னது இந்தக் காப்பியத்தைப் பொறுத்தவரை சரி என்பேன். அந்தச் சரியை உரையாசிரியரின் நாகலோகத்துக்கும் நீட்டியதுதான் பிழை.

இனி உரைக்கு வருவோம். மூலப் பாட்டில் இருப்பது மிகக் குறைவு: இளந்திரையன் கடல் அலை தந்த மரபினன், அவ்வளவே. உரை அதை ஒரு முழுக் கதையாக விரிக்கிறது. நாகபட்டினத்துச் சோழன் ஒருவன் பிலத்துவாரம் வழியாக நாகலோகம் போய் நாககன்னியைக் கூடுகிறான். பிறக்கும் பிள்ளையை என்ன செய்வேன் என்று அவள் கேட்க, தொண்டையை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடு, கரையேறினால் நாடு தருகிறேன் என்கிறான். அப்பன் போனது பிலம் வழியாக, பிள்ளை வந்தது கடல் வழியாக. பூமிக்கு அடியில் உள்ள உலகிலிருந்து குழந்தையைக் கடலில் எப்படி விடுவது? பிலத்தின் வழியே போனவன் பிள்ளையையும் அவ்வழியே அழைத்துக்கொண்டால் என்ன? கதைக்கு உள்ளேயே இந்தக் கேள்விக்கு விடை இல்லை. திரையன் என்ற பெயருக்குத் திரை வேண்டும், ஆகையால் கடல் பழையது, எடுக்க முடியாதது. பிலம் பின்னால் வந்து ஒட்டியது. உரை காட்டும் இந்த ஒட்டுத் தடம்தான் எனக்குக் கிடைத்த முதன்மைச் சான்று.

எப்போது ஒட்டியது? மூன்றாம் நந்திவர்மனின் ஆறாம் ஆட்சியாண்டில் வெட்டிய வேலூர்ப்பாளையம் செப்பேடு, வீரகூர்ச்சன் என்ற முன்னோன் நாக அரசன் மகளோடு அரச சின்னங்கள் அனைத்தையும் பெற்றான் என்கிறது. ராயக்கோட்டைச் செப்பேடோ அசுவத்தாமனுக்கும் நாகப் பெண்ணுக்கும் பிறந்தவனாகக் கந்தசிஷ்யனைச் சொல்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் நாகப் பெண் பல்லவர் சொத்து. பிலமும் இல்லை, கடலும் இல்லை, சோழனும் இல்லை. சோழன் கதையில் இல்லையே தவிர, ஏட்டில் இருக்கிறான். வேலூர்ப்பாளையம் ஏடு புழல் கோட்டத்து நாயறு நாட்டுத் திருக்காட்டுப்பள்ளியை ஒரு சிவன் கோயிலுக்குக் கொடுக்கிறது. அக்கொடைக்கு விண்ணப்பம் செய்தவன் குமாராங்குசன் என்ற சோழ மகாராசன். பல்லவனின் நாகப் பாட்டியைப் புகழும் அதே ஏட்டில் சோழன் ஒருவன் கீழ்நின்று கேட்பவனாக வருகிறான்.

அந்த நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்தன் அபராசிதனை வீழ்த்தித் தொண்டை நாட்டைக் கைக்கொண்டான். பிறகு அது ஜெயங்கொண்ட சோழமண்டலம் ஆயிற்று. 1118 முதல் 1135 வரை ஆண்டவனைப் பாடும் விக்கிரமசோழன் உலாவில் ஒட்டக்கூத்தர், பிலத்துள் புகுந்து நாகர் குலமகளைக் கைப்பிடித்த ஒருவனைச் சோழ முன்னோர் வரிசையில் வைக்கிறார். நாகப் பெண் கைமாறிவிட்டாள். வென்ற நாட்டின் ஆதித்தாயைத் தன் குலத்து மருமகளாக்கிக்கொண்டால், தொண்டைமான் சோழனின் இளைய கிளை ஆகிவிடுகிறான். நாடு வென்றெடுத்த நாடாக இல்லாமல் தந்தை கொடுத்த நாடாகிறது. மணிமேகலையைப் போல அவள் தானே வந்து தானே போனால் அதில் சோழனின் வீரம் எதுவும் இல்லை. அவன் இறங்கிப் போய்க் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் பிலம். மணிமேகலையிலிருந்து உலாவுக்குள் திசையே தலைகீழாகியிருப்பதை வேறு எப்படி விளக்குவது? குமாராங்குசனையும் ஒட்டக்கூத்தரையும் நேராக இணைக்கும் ஏடு இல்லை என்று மறுப்பவர்கள் இந்தத் திசைமாற்றத்துக்கு வேறு காரணம் காட்டவேண்டும்.

பிலம் என்ற கற்பனை அப்போது புதிதன்று. கம்பனில் வானரர் புகுந்து மீளும் பிலத்துக்கு ஒரு படலமே உண்டு. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில், மதுரைக்கு இடப்பக்க வழியில் திருமால்குன்றத்துப் பிலத்தை மாங்காட்டு மறையோன் விவரிக்கிறான்: உள்ளே மூன்று பொய்கைகள், அவற்றில் மூழ்கினால் ஐந்திர இலக்கணமும் பழம்பிறப்பு அறிவும் நினைத்த பொருளும் கிட்டும், கேள்வி கேட்டு விடை பெற்ற பின்னரே கதவு திறக்கும் வரோத்தமை என்னும் பெண் இருக்கிறாள். சமணத் துறவியான கவுந்தியடிகள் இதைக் கேட்டுத் தயங்காமல் மறுக்கிறார். அந்த இலக்கணம் எங்கள் நூலிலேயே இருக்கிறது. முற்பிறப்பை இப்பிறப்பில் காணலாம். வாய்மை தவறாமல் உயிர்களைப் பேணுபவருக்குக் கிடைக்காத பொருள் ஏது என்கிறார். பிலம் பொய் என்று அவர் சொல்லவில்லை. அது வேண்டாம் என்கிறார். தமிழில் கீழுலகத்தைப் பற்றிய ஐயத்தின் மிகக் கூர்மையான வடிவம் இதுவே என்று நினைக்கிறேன். குகைக்குள் எட்டிப்பார்த்து ஒன்றுமில்லை என்று நிறுவுவதைவிட, அங்கே போவதற்குரிய ஆசையையே வேரோடு பிடுங்குவது பெரிய மறுப்பு.

வானநூலார் ஐயப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சூரிய சித்தாந்தம் பூமியை உருண்டை என்று நிறுவிவிட்டு, நாகரும் அசுரரும் வாழும் ஏழு பாதாளங்களை அவ்வுருண்டைக்குள் குழிவுகளாக வைக்கிறது. 1150-இல் பாஸ்கரரும் அப்படியே. உருண்டைப் பூமியும் பாதாளமும் ஒட்டக்கூத்தர் காலத்துக் கற்றவருக்கு முரண்படவில்லை. முரண்பாடு எடையில் வந்தது. பல்லாவரத்துக் குன்றுக் கல் தண்ணீரைப் போல் ஏறத்தாழ 2.7 மடங்கு கனம். 1798-இல் காவண்டிஷ் அளந்ததிலிருந்து, பூமி முழுவதன் சராசரி ஏறத்தாழ 5.5 மடங்கு என்று அறிவோம். மேல்கல்லைவிட மொத்தம் இரு மடங்கு கனமென்றால், உள்ளே வெற்றிடமில்லை, கல்லைவிடக் கனமான பொருள் இருக்கிறது. இந்திய நிலவியல் துறையில் இருந்து அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஓல்டாம், நிலநடுக்க அலைகளைக் கொண்டு 1906-இல் பூமிக்கு நடுக்கரு உண்டென்று காட்டினார்.

கீழுலகம் இப்படி நம்ப முடியாததான காலத்தில்தான் அதை மேலே தூக்கிவைக்கும் வாசிப்புகள் பெருகின. அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி 1888-இல் பாதாளத்தை அமெரிக்கா என்றார். அர்ச்சுனன் மணந்த உலூபி அந்நாட்டுப் பெண் ஆனாள். இராசநாயகத்தின் யாழ்ப்பாணமும் இதே மனப்போக்கின் விளைவுதான், அவருடைய புலமை எவ்வளவோ மேலானது என்றாலும். முன்னோர் நம்பியதை நாம் நம்பக்கூடிய ஊராக மாற்றிவிட்டால், அவர்கள் அதை ஏன் நம்பினார்கள், யார் நம்பவைத்தார்கள் என்று கேட்க இடமில்லாமல் போகிறது.

கால எல்லை இன்னும் இறுகவில்லை. மணிமேகலையின் காலத்தில் அறிஞர்களுக்குள் பல நூற்றாண்டு வேறுபாடு உண்டு. அதைப் பின்னுக்குத் தள்ளினால் என் இடைவெளி சுருங்கும், அறாது. சோழனோடு பிலம் சேர்ந்ததற்கு மேல் எல்லை உலா, 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கீழ் எல்லையாக வேலூர்ப்பாளையம் ஏட்டின் மௌனத்தை வைக்கிறேன். மௌனம் வலுவான சான்றல்ல என்பதை ஒப்புகிறேன். உலாவில் தொண்டைமான் பெயர் வரவில்லை, உரையில்தான் வருகிறது. எனவே நாகப் பெண்ணைச் சோழன் பெற்றது ஒரு படி, தொண்டைமான் அவள் மகனானது இன்னொரு படி. உரையாசிரியரை 14-ஆம் நூற்றாண்டினர் என்று கொள்வோர் பலர். அந்த இரண்டாம் படியை அவரே செய்தாரா, நாகபட்டினத்தில் வழங்கிய கதையை எடுத்துக்கொண்டாரா என்பதைப் பத்துப்பாட்டு உரைச் சுவடிகளின் பாடங்களை, உ. வே. சாமிநாதையரின் 1889 பதிப்போடு வைத்து, இந்த ஓரிடத்துக்காக மட்டுமாவது ஒப்பிட்டால் ஓரளவு தெளியலாம்.