வேதாளத்தின் கேள்வியும் வினாத்தாளின் கேள்வியும்

உயர்நிலைப் பள்ளியில் ஒரு சிறுகதையை நடத்தி முடித்ததும் ஆசிரியர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இந்தக் கதை உணர்த்தும் நீதி என்ன? கதை சொல்லிப் பிள்ளைகளுக்கு அறம் புகட்டுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம், ஆகவே இந்தக் கேள்வியும் அவ்வளவு பழையது என்று பலரும் எண்ணுகிறோம். சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஒரு கதைக்கு ஒரு நீதி, அந்த நீதிக்கு ஒரு வரி, அந்த வரிக்கு இத்தனை மதிப்பெண் என்ற ஏற்பாடு அச்சும் பாடநூலும் தேர்வும் சேர்ந்து 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கியது. அதற்கு முன் நீதிவாக்கியமும் கதையும் தமிழ்நாட்டில் வெவ்வேறு தடங்களில் நடந்தன. 20ஆம் நூற்றாண்டுச் சிறுகதை அந்தப் புது முடிச்சை அவிழ்த்தது. வகுப்பறை அதைத் திரும்பவும் போட்டுக்கொண்டது. பதின்வயதினருக்குச் சிறுகதை வழியே அறம் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும். ஆனால் இன்று கேட்கும் கேள்வியால் அது நடக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திண்ணைப் பள்ளியிலிருந்து தொடங்கலாம். அங்கே எழுத்து கற்ற பிள்ளை அடுத்து ஓதியவை ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி போன்ற நூல்கள். பொருள் பின்னால் வரும், முதலில் நாவில் நிற்கட்டும் என்பது அந்தக் கல்வியின் முறை. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் வருணிக்கும் பள்ளிக்கூடத்திலும் மனப்பாடமே அச்சாணி. நீதி அங்கே கதையிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்டதன்று. வாக்கியமாகவே வந்து வாக்கியமாகவே தங்கியது. கதை இருந்த இடங்கள் வேறு: பாட்டியின் மடி, ஊர்ச் சாவடி, பாரதக் கூத்து நடந்த களம், காலட்சேப மேடை. அங்கே கதையைக் கேட்டுவிட்டு எவரும் கருத்தை எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. கர்ணன் செய்தது சரியா என்று இரவெல்லாம் வாதாடலாம். விடியும்போது விடை கிடைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இந்த இடத்தில் பஞ்சதந்திரத்தை எடுத்துக்காட்டி மறுப்பவர்கள் உண்டு. மந்தபுத்தி கொண்ட மூன்று அரசகுமாரர்களை ஆறு மாதத்தில் தேற்றிக் காட்டுவதாக விஷ்ணுசர்மா ஏற்றுக்கொள்வதுதான் அந்நூலின் தொடக்கம். இளைஞருக்குக் கதை வழியே நீதி கற்பிப்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா என்பார்கள். ஆனால் அங்கே 'நீதி' என்ற சொல்லின் பொருள் என்ன என்று பார்க்க வேண்டும். அது அரசநீதி, பிழைக்கவும் வெல்லவும் தெரிந்துகொள்ள வேண்டிய உபாயம். மித்திரபேதம் என்னும் முதல் பகுதியில் சிங்கத்துக்கும் எருதுக்கும் இருந்த நட்பைத் தமனகன் என்ற நரி கோள்சொல்லிக் கெடுக்கிறது. எருது சாகிறது, நரி அமைச்சனாகச் செழிக்கிறது. இதிலிருந்து எந்த நல்லொழுக்கத்தை எழுதுவது? இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 8ஆம் நூற்றாண்டில் இந்நூலை அரபியில் தந்த இப்னுல் முகஃப்பா, நரியை விசாரணைக் கூண்டில் நிறுத்தித் தண்டிக்கும் ஓர் அத்தியாயத்தையே புதிதாகச் சேர்த்துவிட்டார். தீயவன் தப்பிப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. அதோடு, பஞ்சதந்திரத்தில் கதையைச் சொல்வது ஆசிரியர் மட்டுமல்லர். கதைக்குள் இருக்கும் விலங்குகளும் தங்கள் கட்சியை நிலைநாட்டக் கதை சொல்கின்றன. ஒன்று சொன்ன கதைக்கு மற்றொன்று எதிர்க்கதை சொல்கிறது. நீதி அங்கே வழக்காடும் கருவி. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்று கேட்கத் தெரியாத அரசகுமாரன் அந்தப் பள்ளியில் தேறியிருக்க மாட்டான். நீதிநூல்களை மனப்பாடம் செய்து வளர்ந்த தமிழ் வாசகரின் காதில் அதே சொல் நல்லொழுக்கம் என்று விழுந்தது. நூலையும் அப்படியே படிக்கத் தொடங்கினோம்.

பஞ்சதந்திரத்தைவிட வெளிப்படையான சான்று வேதாளக் கதை. முருங்கை மரத்திலிருந்து இறக்கித் தோளில் சுமந்து வரும் விக்கிரமனுக்கு வேதாளம் கதை சொல்லும். முடிவில் கேள்வி கேட்கும். இவர்களில் யார் உயர்ந்தவன்? பாவம் யாரைச் சேரும்? விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். இதிலுள்ள கற்பித்தல் நுட்பம் கவனிக்கத்தக்கது. கதை தன் நீதியைச் சொல்வதில்லை. கேட்டவன் தீர்ப்புச் சொல்ல வேண்டும், தீர்ப்புக்குக் காரணமும் சொல்ல வேண்டும். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதே அமைப்பை வைத்துப் பல பத்தாண்டுகள் புதுப்புதுக் கதைகளை வெளியிட்டது. தமிழ்ச் சிறுவர் தலைமுறைகள் பாடவேளைக்கு வெளியே அறச்சிக்கலைப் பழகிய இடம் அது என்று துணிந்து சொல்லலாம். வகுப்பறை அந்த அமைப்பைக் கடன் வாங்க நினைக்கவில்லை.

முடிச்சு விழுந்த காலத்துக்கு வருவோம். 1812இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அமைந்தது. கம்பெனிப் பணிக்குக் கப்பலேறி வந்த ஆங்கிலேய இளைஞர்கள், பதின்வயதைக் கடந்தும் கடவாதவர்கள், தமிழ் படிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு எளிய உரைநடை வேண்டும். அதற்குக் கதைதான் வாய்ப்பு. கல்லூரியின் தமிழாசிரியர் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரம் 1826இல் அச்சேறியது. வீரமாமுனிவர் முந்திய நூற்றாண்டில் எழுதிவைத்த பரமார்த்தகுரு கதையைப் பாபிங்டன் 1822இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் வெளியிட்டிருந்தார். மட்டியும் மடையனும் ஆற்றைக் கடக்கும் கூத்தில் யாரும் நீதி தேடவில்லை. மொழி பழகுவதே நோக்கம். ஆக, தமிழில் அச்சான தொடக்ககாலக் கதைப் பாடநூல்கள் அறம் புகட்ட வந்தவையல்ல. அறத்தின் சுமை அவற்றின் தலையில் பிறகுதான் ஏறியது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் தம் பள்ளிகளுக்கு எழுதிய பாலபாட வரிசையில்கூட, நான்காம் புத்தகம் கொலை, களவு, கள்ளுண்ணல் என்று தலைப்பிட்டு நேரடியாக உரைநடையில் அறிவுறுத்துகிறது. கதை என்னும் சர்க்கரைப் பூச்சு அவருக்குத் தேவைப்படவில்லை.

வாக்கியத்தையும் கதையையும் ஒரே நுகத்தில் பூட்டியதற்குத் தெளிவான ஆவணம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1859இல் அவர் 'நீதிநூல்' என்ற செய்யுள் நூலை வெளியிட்டார். 20 ஆண்டுகள் கழித்து 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்தது. முன்னூல்களில் சொன்ன நீதிகளுக்கு உதாரணம் காட்டுவதும் இந்த நாவலின் நோக்கம் என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். நீதி முந்தியது, கதை அதற்குச் சான்றாகப் பிந்தி வந்தது. இந்த வரிசை அவருடைய தனிப்பட்ட விருப்பம் மட்டுமன்று. அக்காலத்துக் கல்வித்துறையும் அதையே தேடிக்கொண்டிருந்தது. அரசுப் பள்ளியில் மதம் கற்பிக்கக் கூடாது, ஆனால் ஒழுக்கம் கற்பித்தாக வேண்டும். எதைக் கொண்டு கற்பிப்பது? 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, எல்லா மதத்தாருக்கும் பொதுவான இயற்கைச் சமயக் கோட்பாடுகளின் அடிப்படையில் ஓர் ஒழுக்கப் பாடநூல் தயாரிக்கலாம் என்று பரிந்துரைத்தது. குழு உறுப்பினர் தெலாங் இதை ஏற்கவில்லை, அரசும் நடைமுறைப்படுத்தவில்லை. தனி ஒழுக்கநூல் வராத அந்த வெற்றிடத்தை மொழிப்பாடம் நிரப்பியது என்பது என் கணிப்பு. மதமும் இல்லாமல், அரசுக்கு அச்சமும் தராமல், தேர்வுக்கும் ஒத்துவருகிற ஒழுக்கப் பண்டமாக நீதிக்கதை வாய்த்தது. கதையின் காலடியில் ஒரு வரி நீதி. அதை அப்படியே விடைத்தாளில் ஏற்றலாம், திருத்துவதும் எளிது.

இந்தப் பின்னணியில் நவீனச் சிறுகதை பிறந்தது. வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வெளியானபோது பழைய பழக்கம் முழுவதும் விடவில்லை. ருக்மிணியின் துயரத்தைச் சொன்ன மரமே கடைசியில் கேட்போரைப் பார்த்துப் புத்தி சொல்லி முடிக்கிறது. 1929இல் திருச்செங்கோட்டிலிருந்து ராஜாஜி நடத்திய 'விமோசனம்' இதழ் கதையை மதுவிலக்குப் பிரசாரத்துக்கே பயன்படுத்தியது. 1933இல் வந்த மணிக்கொடி இதழும் அதையொட்டி எழுதியவர்களுமே கதையின் காலடி வரியை அறுத்தார்கள். உலகத்தைத் திருத்தும் எண்ணம் தனக்கும் இல்லை, தன் கதைகளுக்கும் இல்லை என்ற பொருள்படப் புதுமைப்பித்தன் 'காஞ்சனை' முன்னுரையில் எழுதினார். இதைக் கொண்டு அவர் கதைகளில் அறம் இல்லை என்று எண்ணுவது பெரும் பிழை. 'சாப விமோசன'த்தில் அகலிகை, சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்டதும் மீண்டும் கல்லாகிறாள். தனக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா என்ற கேள்வி அங்கே வாசகன் மேல் விழுகிறது. வேதாளம் கேட்டதும் இந்த வகைக் கேள்விதான். நவீனச் சிறுகதை மரபை உடைத்தது என்று பாராட்டுவோரும் பழிப்போரும், அது மிகப் பழைய ஒரு மரபின் பக்கமே திரும்பியது என்பதைக் கவனிக்கவில்லை.

பிறகு இந்தக் கதைகள் பள்ளிக்குள் வந்தன. 2018, 2019ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வந்த புதிய பாடநூல்களைத் தேர்வு செய்தவர்களின் ரசனைக்குக் குறை சொல்ல முடியாது. ஒன்பதாம் வகுப்பில் தி. ஜானகிராமனின் 'செய்தி', கந்தர்வனின் 'தண்ணீர்', பத்தில் சா. கந்தசாமியின் 'பாய்ச்சல்', கு. அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்'. பன்னிரண்டில் பூமணியும் தோப்பில் முகமது மீரானும். சிக்கல் தேர்வில் இல்லை, அடுக்கில் இருக்கிறது. இயல்கள் பொருண்மை வாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் நெற்றியிலும் அதன் பொருள் எழுதப்பட்டிருக்கிறது. 'ஒருவன் இருக்கிறான்' அமைந்திருப்பது மனிதம் பற்றிய இயலில். பயிற்சி வினாவும் மனிதத்தை வெளிப்படுத்தும் பாத்திரத்தைப் பற்றி எழுதச் சொல்கிறது. கதையைத் திறக்குமுன்பே மாணவிக்கு விடை தெரிந்துவிடுகிறது. வீரப்பன் என்ற ஏழை நண்பன், கடன் வாங்கியாவது நோயாளி குப்புசாமிக்குப் பணம் கொடுத்தனுப்பியவன், மனிதத்தின் உருவம். தவறான விடையா? இல்லை. ஆனால் அழகிரிசாமி அவனைக் கதையின் நடுவில் வைக்கவில்லை. அவன் கடிதமாக மட்டுமே வருகிறான். நடுவில் நிற்பவர் கதைசொல்லி: பக்கத்து வீட்டுக்கு வந்த ஆதரவற்ற குப்புசாமியை ஏளனமாகப் பார்த்தவர், யாருமில்லாதவன் என்பதையே அவனுடைய குற்றமாக எண்ணியவர். கதையில் அசைவது அவருடைய மனம். வீரப்பனைப் போல இருக்க வேண்டும் என்பது எளிய பாடம். நான் அந்தக் கதைசொல்லியைப் போல் இருந்திருக்கிறேனா என்பது பதினைந்து வயதில் கேட்க வேண்டிய கேள்வி. நம் பயிற்சி வினா முதலாவதோடு நின்றுவிடுகிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் இரண்டு கனமானவை. பதின்வயது தடுமாறும் வயது; அப்போது திட்டவட்டமான வழிகாட்டல் வேண்டும், எல்லாவற்றையும் கேள்வியாக விட்டால் எதுவும் சரி என்ற மனப்பான்மை வளரும் என்பது முதலாவது. கவலை நியாயமானது, ஆனால் கேள்வி கேட்பதும் கைவிடுவதும் ஒன்றல்ல. வேதாளம் விக்கிரமனை நழுவ விடவில்லை. தீர்ப்பையும் காரணத்தையும் கேட்டு வாங்கியது. நீதியை ஒரு வரியாக எழுதும் மாணவனே உண்மையில் தப்பித்துக்கொள்கிறான். பிறருக்கு உதவ வேண்டும் என்று எழுத அவன் எந்தக் கதையையும் படித்திருக்கத் தேவையில்லை. இரண்டாவது, ஆண்டுக்கு லட்சக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தும் தேர்வு முறையில் ஒரே விடை இல்லாத வினாவுக்கு இடமில்லை என்பது. இது அறத்தைப் பற்றிய மறுப்பன்று, நிர்வாகத்தைப் பற்றியது. ஆனாலும் விடை உண்டு. விடைக்குறிப்பு முடிவுக்கு மதிப்பெண் தராமல், முடிவைத் தாங்கக் கதையிலிருந்து எடுத்துக்காட்டும் இடங்களுக்குத் தரலாம். இரு மாணவர் எதிரெதிர் தீர்ப்பு எழுதி இருவரும் முழு மதிப்பெண் பெறலாம். நீதிமன்றங்களில்கூட மாறுபட்ட தீர்ப்பு பதிவாகிறது.

கதையே தவறான பாடம் சொன்னால் என்ன செய்வது என்பதும் கேட்கப்பட வேண்டியதே. 2014இல் புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி', 'பொன்னகரம்' இரண்டையும், தலித் மக்களைச் சித்திரித்த விதம் பற்றி எழுந்த எதிர்ப்பை அடுத்துச் சென்னைப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. எழுத்தாளர் மேதை, ஆகவே குறை சொல்லக்கூடாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. படைப்பில் தன் மக்கள் எப்படி வருகிறார்கள் என்று கேட்பது வாசகரின் உரிமை, அதுவும் அறவாசிப்புத்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க நம் வகுப்பறையில் வழியே இல்லை. பாடமாக வைத்தது எதுவானாலும் அதில் நீதி இருந்தாக வேண்டும், அதை ஏற்றாக வேண்டும் என்று பழக்கிவிட்டால், ஒரு கதையோடு சண்டையிட விரும்புகிறவருக்கு அதை நீக்கச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியாது. கதையை வைத்துக்கொண்டே அதன் பார்வையை எதிர்த்து எழுதவும் ஒரு வினா இருந்திருந்தால் அந்த விவாதம் வேறு விதமாகப் போயிருக்கும்.

பாடநூலை மாற்ற வேண்டியதில்லை. கதைகள் நல்லவையாகவே இருக்கின்றன. வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுத்தேர்வில் 'ஒருவன் இருக்கிறான்' கதையிலிருந்து வினா கேட்பதானால், மனிதத்தை வெளிப்படுத்திய பாத்திரத்தை விட்டுவிட்டு, வீரப்பனின் கடிதம் வராமல் போயிருந்தால் கதைசொல்லி குப்புசாமியை எப்படிப் பார்த்திருப்பார் என்று கேளுங்கள். கதையிலிருந்து காரணம் காட்டச் சொல்லுங்கள்.