பழஞ்சேலையில் எழுதிய வரலாறு



பிறந்த குழந்தையைப் பார்க்கப் புறப்படும்போது, பரிசுப்பொருள் தேடி நம் கால்கள் பிரிக்பீல்ட்சுக்கோ கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ செல்கின்றன. புத்தம் புதிய துணிகளை வாங்கி வருகிறோம். அதில் தவறேதும் இல்லை. ஆயினும், நம் முன்னோர் பச்சிளங்குழந்தையின் உடலில் முதலில் சுற்றியது புதுத்துணி அன்று; பழந்துணியே. பலமுறை துவைத்த பருத்தித்துணியில் கஞ்சியும் இராது, முரட்டுத்தன்மையும் இராது. தாயின் பழஞ்சேலையே குழந்தைக்கு விரிப்பாயிற்று, போர்வையாயிற்று, தூளியும் ஆயிற்று.

இவ்வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. வங்கப் பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் நெருக்கமாக ஓட்டுத்தையல் இட்டுக் குழந்தைக்குப் போர்வை செய்தனர். அதற்குக் 'காந்தா' என்று பெயர். நாம் வழங்கும் 'கந்தை' என்னும் சொல்லும் அதே வேரைச் சேர்ந்தது. சீனர் மரபிலோ, உற்றார் உறவினர், அண்டை அயலார் எனப் பல வீடுகளில் துண்டுத்துணி பெற்று, அவற்றை இணைத்துக் குழந்தைக்கு 'நூறு குடும்பப் போர்வை' தைப்பர். நூறு வீட்டாரின் வாழ்த்தும் குழந்தையைக் காக்கும் என்பது நம்பிக்கை.

இத்தகைய ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று நம் வட்டாரத்தின் போர்க்கால வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. 1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் சப்பானியர் வசமாயிற்று. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. மலாயாவிலிருந்து தப்பிச் சிங்கப்பூர் சென்றிருந்தவர்கள் உட்பட, ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அங்கே எலிசபெத் என்னிஸ் என்னும் தாதி, சிறுமியரைத் திரட்டிச் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். அவருக்குப் பிறந்தநாள் பரிசு அளிக்க விரும்பிய சிறுமியர், கிடைத்த துணித்துண்டுகளை அறுகோணங்களாக வெட்டி, அவர் அறியாமலேயே ஒரு போர்வை தைத்தனர். தம் பெயர்களையும் அதில் நூலால் பொறித்தனர். அப்போர்வை பின்னர் இலண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கையில் ஏதுமற்ற சிறுமியரின் பரிசு, அவர்கள் பட்ட துயருக்குச் சான்றாக நிற்கிறது.

நிற்க. அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களின் நிலை என்ன? சப்பானியர் ஆட்சியில் துணிப் பஞ்சம் கடுமையாக இருந்தது. கோணிச்சாக்கை உடுத்தியவர்கள் பலர். அந்நாளில் ஒரு பழஞ்சேலை எத்துணை அரிய செல்வமாக இருந்திருக்கும் என எண்ணிப் பாருங்கள்.

போருக்கு முன்னும் பின்னும் தோட்டத்துத் தாய்மாரின் வாழ்வு எளிதாக இருந்ததில்லை. விடியுமுன் எழுந்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டப் புறப்பட்டனர். தாய் திரும்பும்வரை குழந்தையை அணைத்திருந்தது அவளுடைய சேலைத்துணி. கிழியும்வரை சேலை, கிழிந்தபின் தூளி, அதுவும் நைந்தபின் விரிப்பு, இறுதியில் கைப்பிடித் துணி. இவ்வாறு முழுதும் உழைத்துத் தேய்ந்ததால் எந்த அருங்காட்சியகத்துக்கும் அது போய்ச் சேரவில்லை.

சாங்கிச் சிறுமியரின் பெயர்களை உலகம் அறியும். பால்மரக் காட்டில் உழைத்த நம் பாட்டிமாரின் பெயர்களை அவர்தம் கொள்ளுப்பேரர்கள்கூட அறியார். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத அப்பெண்களுக்குத் துணியும் ஊசியுமே ஏடும் எழுத்தாணியும். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. லயன் வீடுகளும் இடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு மட்டுமே.

ஆதலால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களை அவரவர் பாட்டியிடம் அனுப்புங்கள். எத்தோட்டத்தில் வாழ்ந்தார், குழந்தைகளை எதில் கிடத்தினார், யார் தைக்கக் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டெழுதச் சொல்லுங்கள். வரலாற்றுப் பாடம் வீட்டிலேயே தொடங்கட்டும்.

பெற்றோர்களே, உறவில் ஒரு குழந்தை பிறந்தால் ஒரு போர்வை தைத்துப் பாருங்கள். பாட்டியின் சேலை, தாத்தாவின் வேட்டி, அத்தையின் தாவணி எனப் பருத்தித்துணிகளைத் துவைத்துக் காயவையுங்கள். ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி இணைத்து, அடியில் பழஞ்சேலை இரண்டு மடிப்பு வைத்து, ஓட்டுத்தையல் இடுங்கள். பொத்தான், மணி முதலியன வேண்டா. குழந்தை வாயில் இட்டுக்கொள்ளக்கூடும். ஓராண்டு நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வை கூடாது என்பது மருத்துவர் அறிவுரை. எனவே அதுவரை, பெரியவர் அருகிருக்கும்போது விளையாட்டு விரிப்பாகப் பயன்படட்டும்.

ஓர் ஓரத்தில், துணி தந்தோரின் பெயர்களையும் அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையும் நூலால் எழுத மறவாதீர்கள். குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் நாளில், முதலில் படிக்கும் தமிழ்ச்சொற்கள் அவையாக இருக்கட்டும்.