எல்பிவி போர்ட் ஒயின்

எல்பிவி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ‘லேட் பாட்டில்டு விண்டேஜ்’, போர்ச்சுகலின் வடக்கிலுள்ள டோரோ பள்ளத்தாக்கில் விளையும் சிவப்பு போர்ட் ஒயின் வகை. ஒரே ஆண்டின் திராட்சையில் செய்யப்பட்டு, சில ஆண்டுகள் பெரிய மரத்தொட்டிகளில் முதிர்ந்த பிறகே பாட்டிலுக்கு வரும். அறுவடைக்குப் பின் நான்காம் ஆண்டு ஜூலை 1க்கும் ஆறாம் ஆண்டு டிசம்பர் 31க்கும் இடையில் அதைப் பாட்டிலில் அடைத்துவிட வேண்டும் என்பது விதி. அறுவடை ஆண்டு, அடைத்த ஆண்டு இரண்டையும் லேபிளில் அச்சிட வேண்டும். போர்ட் வகைகளின் உச்சியில் இருக்கும் விண்டேஜின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கோ அதற்கும் குறைவாகவோ கிடைப்பதால், போர்ட்டின் ஆழமான சுவையை முதன்முதலில் அறிய விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

செய்முறை

டோரோ, 1756இல் பொம்பால் பிரபுவின் ஆணையால் எல்லை வகுக்கப்பட்ட பகுதி. செங்குத்தான சரிவுகளில், அடுக்கடுக்காக உடையும் பாறை நிலத்தில், படிக்கட்டு வயல்களாகக் கொடிகள் நிற்கின்றன. டூரிகா நசியோனல், டூரிகா பிராங்கா, டிண்டா ரோரிஸ் ஆகியவை முக்கியமான திராட்சை வகைகள். அனேகமாக எல்லா போர்ட்டும் பல வகைகளின் கலவைதான். மிதித்தோ இயந்திரத்தாலோ பிழிந்த சாறு இரண்டு மூன்று நாள் நொதித்து, சர்க்கரையில் ஏறக்குறைய பாதி மீதமிருக்கும்போது, 77 விழுக்காடு வீரியமுள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுவார்கள். நான்கு பங்கு சாற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு. நொதித்தல் அங்கேயே நின்றுவிடும். மிச்சச் சர்க்கரை இனிப்பாகத் தங்க, வீரியம் 20 விழுக்காட்டை ஒட்டி அமையும்.

விண்டேஜ் போர்ட்டை இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். அதன் பிறகு பதினைந்து இருபது ஆண்டு காத்திருப்பது வாங்கியவர் பாடு. எல்பிவியில் அந்தக் காத்திருப்பின் ஒரு பகுதி தயாரிப்பாளரின் கிடங்கிலேயே முடிந்துவிடுகிறது. பெரிய தொட்டியில் மரத்தின் பரப்போடு ஒப்பிட்டால் ஒயினின் அளவு மிக அதிகம். காற்று மெதுவாகவே படுகிறது. அதனால் துவர்ப்பு தணிகிறதே தவிர, பழத்தின் கருமையும் வாசமும் கலையாமல் இருக்கின்றன. சிறு பீப்பாய்களில் நெடுங்காலம் கிடந்து வெளிறிப் பழுப்பாகும் டானி போர்ட்டிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்.

இந்த முறையை யார் தொடங்கினார்கள் என்பதில் இரண்டு நிறுவனங்கள் உரிமை கோருகின்றன. குயின்டா டோ நோவால் தன் 1954 அறுவடையைக் காட்டுகிறது. டெய்லர் 1965 அறுவடையை 1970இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்த வகை பரவலானது அதற்குப் பிறகுதான். பாட்டிலைத் திறந்தவுடன் பரிமாறக்கூடிய, தெளிந்த ஒயின் உணவகங்களுக்கும் மன்றங்களுக்கும் தேவைப்பட்டது.

வடிகட்டியதும் வடிகட்டாததும்

வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய முதல் செய்தி இதுதான். ஆண்டைவிடவும், பல நேரங்களில் நிறுவனத்தின் பெயரைவிடவும் இது முக்கியம். ஒரு வகை எல்பிவி, குளிரூட்டி வடிகட்டப்பட்டு, கையாலேயே திருகி எடுக்கக்கூடிய தலைப்பகுதி வைத்த கார்க்குடன் வருகிறது. வண்டல் இராது. டெய்லரின் எல்பிவி இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. சுத்தமாக, பழச்சுவையோடு இருக்கும். இன்னொரு வகை வடிகட்டப்படாமலே அடைக்கப்படுகிறது. பெரும்பாலும் முழுக் கார்க் போட்டிருக்கும், திருகாணி வேண்டும். நீபோர்ட், நோவால், பொன்சேகா போன்றவர்கள் வடிகட்டாத எல்பிவி தருகிறார்கள். வாரே, ஸ்மித் வுட்ஹவுஸ் இருவரும் இன்னும் ஒரு படி மேலே போய், அடைத்த பாட்டில்களைச் சில ஆண்டுகள் தாங்களே வைத்திருந்து முதிர்த்து விற்கிறார்கள். குறைந்தது மூன்று ஆண்டு பாட்டிலில் முதிர்ந்தால்தான் அதை லேபிளில் போட்டுக்கொள்ள முடியும்.

விலை வித்தியாசம் சொற்பம்; சுவை வித்தியாசம் பெரிது. வடிகட்டும்போது வண்டலோடு செறிவும் கொஞ்சம் போய்விடுகிறது. இரண்டும் கடையில் இருந்தால் தயங்காமல் வடிகட்டாததையே எடுக்கலாம். ‘வடிகட்டாதது’ என்பதைத் தயாரிப்பாளர்கள் லேபிளில் பெருமையாகவே அச்சிடுவார்கள், தேடுவது சிரமமில்லை. கழுத்தில் டோரோ மற்றும் போர்ட்டோ ஒயின் நிறுவனத்தின் முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் ‘போர்ட் ஒயின்’ என்ற பெயரில் மலிவாக விற்கும் இனிப்பு ஒயின்களுக்கும் டோரோவுக்கும் தொடர்பில்லை. லேபிளில் ஆண்டு இருப்பதாலேயே அது எல்பிவி ஆகிவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்: ‘கொலெய்தா’ என்றிருந்தால் அது ஒரே ஆண்டின் டானி.

பரிமாறுதலும் சுவைத்தலும்

வடிகட்டாத பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். திறந்த பிறகு, பாட்டிலின் தோளுக்குப் பின்னால் ஒரு விளக்கு இருக்கும்படி பிடித்து, கைநடுக்கமில்லாமல் ஒரே வீச்சில் வேறு குடுவைக்கு ஊற்ற வேண்டும். முதலில் தெளிந்த மாணிக்கச் சிவப்பு ஓடும். கடைசியில் கரிய இழை ஒன்று தோளை நோக்கி நகர்ந்து வரும். அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். அடியில் தங்குவது இரண்டு மூன்று தேக்கரண்டிதான். அது கெடுதல் செய்யாது, ஆனால் வாயில் மணல்போல நெருடும். ஊற்றியதை ஒரு மணி நேரம் அப்படியே விட்டால் சாராய நெடி அடங்கி, பழ மணம் மேலே வரும்.

பரிமாற 16 முதல் 18 டிகிரி ஏற்றது. வெப்பமான ஊர்களில் குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்தெடுப்பது அவசியம். சூடேறிய போர்ட்டில் மூக்குக்கு எட்டுவது சாராயம் மட்டுமே. போர்ட்டுக்கென்று விற்கும் கட்டைவிரல் உயரக் கோப்பைகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் மணம் தங்க இடமே இல்லை. சாதாரண வெள்ளை ஒயின் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே ஊற்றினால் போதும்.

நல்ல எல்பிவியில் கரும்பழங்களும் உலர்ந்த அத்தியும் முதலில் மணக்கும். பிறகு மிளகு, கறுப்புச் சாக்லேட், சிலவற்றில் வயலெட் பூ. வாயில் இனிப்பு முந்திக்கொள்ளும். விழுங்கிய பிறகு, நன்கு கனிந்த நாவல்பழம் தின்றதுபோல நாக்கின் ஓரங்களில் ஒரு துவர்ப்பு பிடிக்கும். தரத்தை இந்தத் துவர்ப்பில்தான் தேட வேண்டும். அது இல்லாமல் இனிப்பு மட்டும் தங்கினால் சாதாரண ரூபி போர்ட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இங்கிலாந்தில் இதை ஸ்டில்டன் போன்ற நீலப் பூசணச் சீஸுடன் சேர்ப்பார்கள். சீஸின் உப்பும் ஒயினின் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். சர்க்கரை குறைந்த கறுப்புச் சாக்லேட்டும் பொருந்தும். பால் இனிப்புகளுடன் சேர்த்தால் ஒயின் வெறும் காரமாகவே தெரியும்.

பாதுகாத்தல்

திறந்த பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் மூடி வைத்தால் ஒரு வாரம் பத்து நாள் நன்றாக இருக்கும். முதிர்ந்த விண்டேஜ் இரண்டு மூன்று நாளில் சோர்ந்துவிடும். திறக்காத பாட்டில்களில், வடிகட்டியவை காத்திருந்தாலும் மேம்படாது, வாங்கியதும் குடிக்கலாம். முழுக் கார்க் போட்ட வடிகட்டாதவை, இருட்டான குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்தால் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை மேம்பட்டுக்கொண்டே போகும்.