ஒத்திப்போடத்தக்க நோய்: பெருந்தொற்றுக் காலச் சிறுநீரியல் மருத்துவமும் நெய்வேலியும் (2020–2021)

2020 மார்ச் 25ஆம் நாள் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, மருத்துவமனைகள் நோய்களை அவசரமானவை, ஒத்திப்போடத்தக்கவை எனப் பகுத்தன. இப்பகுப்பினால் பெரிதும் பாதிக்கப்பட்ட துறைகளுள் சிறுநீரியலும் ஒன்று. சிறுநீரகக் கல், புராஸ்டேட் சுரப்பி வீக்கம் என அத்துறையின் அன்றாட அறுவை மருத்துவத்தில் பெரும்பகுதி, உடனடியாக உயிரைப் பறிக்காத நோய்களுக்கானது. அவை எத்தனை வாரம் காத்திருக்கலாம் என்பதை மருத்துவம் வரையறுத்தது. அக்கெடுவுக்குள் நோயாளி மருத்துவமனையை அடைந்துவிடுவார் என்பது அவ்வரையறையின் சொல்லப்படாத எடுகோள். நெய்வேலிப் பகுதியில் அவ்வெடுகோள் எவ்வாறு தளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஐரோப்பியச் சிறுநீரியல் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, சிகிச்சைகளை நான்கு படிகளாக வகுத்தது. ஆறு மாதம் தள்ளிவைத்தாலும் தீங்கு நேர வாய்ப்பில்லாதவை முதற்படி. ஒரு நாளும் தாழ்த்தலாகாதவை இறுதிப்படி. அடைப்பை உண்டாக்காத கல் காத்திருக்கலாம். அடைப்போடு காய்ச்சலும் சேர்ந்தால் காத்திருக்கலாகாது. கல்லடைப்பு, நீரடைப்பு எனத் தமிழ் வழக்கு இந்நோய்களை அடைப்பை வைத்தே பெயரிட்டிருப்பது இங்குக் கருதத்தக்கது.

1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் சுற்றி எழுந்த நகரியம் நெய்வேலி. திறந்தவெளிச் சுரங்கங்கள், அனல்மின் நிலையங்கள் ஆகியவற்றில் வெப்பத்திடையே உழைக்கும் உடல் வியர்வையால் நீரை இழக்கிறது. ஈடாக நீர் அருந்தாவிடின் சிறுநீர் செறிவடைந்து கல் உருவாக வழி பிறக்கும். நகரியத்தில் நிறுவனத்தின் பொது மருத்துவமனை உண்டு. எனினும், உயர்நிலைச் சிகிச்சைக்கு இப்பகுதி மக்கள் அப்போது நாடியவை புதுச்சேரி ஜிப்மர், சிதம்பரம் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை மருத்துவமனைகள் முதலியனவே. 2020 சூலை 1இல் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன் வெடித்தபோது தீக்காயமுற்றோர் சென்னைக்கே கொண்டு செல்லப்பட்டனர்.

ஊரடங்கில் இரயிலும் பேருந்தும் நின்றன. புதுச்சேரி வேறொரு நிருவாகத்தின் கீழ் இருப்பதால், அதுவரை பெயரளவிலிருந்த எல்லை உண்மையான எல்லையாயிற்று. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் பெறும் நடைமுறை 2020 ஆகத்து இறுதிவரை நீடித்தது. ஜிப்மரின் புறநோயாளர் பிரிவு வழக்கமான வடிவில் இயங்குவது நின்று, தொலைபேசி ஆலோசனை அதன் இடத்தைப் பிடித்தது. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியோர்வழித் தொற்று பரவி, கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு உறுதியானது. மருத்துவமனைப் படுக்கைகளும் பணியாளர்களும் கோவிட்டின்பால் திருப்பப்பட்டதில் வியப்பில்லை.

இந்நிலையின் கடுமையை விளக்க ‘டிஜே ஸ்டென்ட்’ எனப்படும் மென்குழாயே தக்க சான்று. கல்லை அகற்றிய பின்னரோ, அடைப்பைத் தற்காலிகமாக நீக்கவோ, சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே இது பொருத்தப்படுகிறது. பொதுவாகச் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், இதனை எடுத்துவிட வேண்டும். தவறினால் குழாயின்மேல் உப்புகள் படிந்து இறுகும், தொற்று வரும், எளிதில் உருவியெடுத்திருக்கக் கூடியதற்குப் பல அறுவைகள் தேவைப்படும், சிறுநீரகமே பழுதாகவும் கூடும். பொருத்தும் நாளில் அவசரமாயிருந்தது, எடுக்கும் நாளில் ஒத்திப்போடத்தக்கதாக எண்ணப்படுவது இதன் முரண். உரிய காலத்தில் எடுக்கப்படாத குழாயை மருத்துவ எழுத்துகள் ‘மறக்கப்பட்ட ஸ்டென்ட்’ என்று குறிப்பது நெடுநாள் வழக்கு. மறதியை நோயாளியின்மேல் ஏற்றும் இச்சொல் ஊரடங்குக் காலத்துக்குப் பொருந்தாது. சிறுநீர் கழிக்கும்தோறும் எரிச்சலையும் விலாவலியையும் தரக்கூடிய ஒன்றை எவர் மறப்பார்? வழி அடைபட்டதை மறதி என்று பதிவுசெய்வது வரலாற்றுப் பிழையாகும்.

புராஸ்டேட் வீக்கத்தால் நீரடைப்புற்ற முதியோரின் நிலையும் இத்தகையதே. அறுவை தள்ளிப்போகும் வரை வடிகுழாயோடு காலம் கழிக்க வேண்டும். அக்குழாயையும் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நடுவண் அரசின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25ஆம் நாளன்றே வெளியாயின. அவை பலருக்குப் பயன்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆயினும் மருந்தை மாற்றவும் அறிக்கையைப் படிக்கவும் உதவும் தொலைபேசி, குழாயை மாற்ற உதவாது.

டயாலிசிஸ் ஒத்திப்போட இயலாதது. அதற்கெனத் தனி நெறிகள் 2020 ஏப்பிரலில் வகுக்கப்பட்டன. உறுப்பு மாற்றமோ சுருங்கியது. தமிழகத்தில் 2019இல் நூற்றைக் கடந்திருந்த மூளைச்சாவுக் கொடையாளர் எண்ணிக்கை, 2020இல் பாதிக்கும் கீழே சரிந்தது. 2021 ஆகத்து 5இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வயிற்றறை வழி டயாலிசிஸுக்கான நீர்மப் பைகளை நோயாளியின் வீட்டுக்கே கொண்டு சேர்க்க வகைசெய்தது. ஸ்டென்ட்டை எடுப்பதற்கான அகநோக்கிக் கருவி மருத்துவமனையிலேயே இருந்தது. அதை நாடி நோயாளியே பயணப்பட வேண்டியிருந்தது.