ஆடாத கேமராவை ஆட்டிய கதை

ஸ்டாப் மோஷன் தொழிலில் கேமரா ஆடியது என்றால் அன்றைய கூலி போயிற்று என்று பொருள். 24 ஃபிரேம் சேர்ந்தால்தான் திரையில் ஒரு நொடி. பொம்மையை இம்மியளவு நகர்த்தி, கையை எடுத்துவிட்டு ஒரு படம். மறுபடி நகர்த்தி மறுபடி ஒரு படம். நடுவில் யாராவது முழங்காலால் முக்காலியை இடித்துவிட்டால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். சென்னையில் நான் வேலை கற்ற இடத்தில் முக்காலியின் கால்களைத் தரையோடு சேர்த்து ஒட்டி, சுற்றிலும் சாக்பீஸால் கோடு கிழித்திருப்பார்கள். கோட்டைத் தாண்டினால் வசவு விழும். இன்று என்னிடம் பயில வரும் பிள்ளைகளோ, "சார், கையில பிடிச்சு எடுத்த மாதிரி கேமரா ஆடணும், எப்படி?" என்கிறார்கள்.

இந்தத் தொழிலின் ஆரம்பகால அற்புதங்களில் ஒன்று, கேமராக்காரனைப் பற்றிய படம்தான். 1912-இல் மாஸ்கோவில் ஸ்டாரெவிச் எடுத்த ‘கேமராக்காரனின் பழிவாங்கல்’. இறந்துபோன வண்டுகளின் உடலில் மெழுகால் கம்பிக்கால்களை ஒட்டி நடிக்க வைத்தார். வண்டு ஒன்றின் கள்ளக்காதலை வெட்டுக்கிளி ஒன்று சாவித்துவாரம் வழியாகப் படம்பிடித்து, பிறகு ஊரார் முன்னால் திரையிட்டு மானத்தை வாங்கும். இன்றைக்கு எடுத்தால் அந்தத் திருட்டுப் படம் நிச்சயம் கிடுகிடுவென்று ஆடும். அன்று அது அசையவில்லை. பார்வையாளர்களும் எதிர்பார்க்கவில்லை.

1933-இல் வந்த ‘கிங் காங்’கில் ஓர் ஆட்டம் இருக்கிறது, ஆனால் அது கேமராவின் ஆட்டமல்ல. காங் பொம்மைக்கு முயல்தோல் போர்த்தியிருந்தார்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கலைஞர்களின் விரல் பட்டு ரோமம் கலைந்ததால், திரையில் காங்கின் உடல் சிலிர்த்துக்கொண்டே இருக்கும்.

ஸ்டாப் மோஷன் கலைஞர் ரே ஹாரிஹவுசனிடம் வந்தால் கேமரா இன்னும் இறுகிவிடுகிறது. ஏற்கெனவே நடிகர்களை வைத்து எடுத்த காட்சியைப் பின்திரையில் ஒவ்வொரு ஃபிரேமாக வீழ்த்தி, அதற்கு முன்னால் பொம்மையை நிறுத்துவார். சட்டகத்தின் ஒரு பகுதியைக் கறுப்பால் மறைத்துப் படமெடுத்த பின், ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, விட்டுப்போன பகுதியை அதே ஃபிலிமில் பதிவார். இரண்டு பதிவுக்கும் இடையே கேமரா மயிரிழை விலகினாலும் ஒட்டுக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். 1963-இல் ‘ஜேசனும் ஆர்கோநாட்டுகளும்’ படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் வாளோடு மோதும் அந்தச் சில நிமிடங்களுக்கு அவர் நான்கரை மாதம் செலவிட்டார். இப்படிப்பட்டவரிடம் போய் கேமராவை ஆட்டுங்கள் என்று யார் சொல்வது?

1960-களில் தோளில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய கேமராக்கள் பரவின. 1966-இல் வந்த ‘ஆல்ஜியர்ஸ் போர்’ கதைப்படம்தான். செய்திப்படம் போல ஆடி ஆடி அது ஜனங்களை நம்பவைத்தது. ஆடினால் உண்மை என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. ஆடாத பொம்மைப்படம் அதன் பக்கத்தில் பொம்மைப்படமாகவே தெரிந்தது.

பொம்மைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஆனால் அவர்கள் முதலில் கைவைத்தது ஆட்டத்தில் அல்ல, கலங்கலில். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஓடுகிற மனிதனின் கால் ஃபிலிமில் கலங்கலாக விழும். அந்த நேரத்தில் அசையாமல் நிற்கும் பொம்மை கத்தி போலக் கூர்மையாக விழும். அதனால்தான் பழைய ராட்சதர்கள் வெட்டி வெட்டி நடக்கிறார்கள். 1981-இல் ‘டிராகன்ஸ்லேயர்’ படத்தின் டிராகனுக்காக ஃபில் டிப்பெட் குழுவினர் பொம்மையோடு கம்பிகளை இணைத்து, கணினி இயக்கும் மோட்டார்களால் ஷட்டர் திறந்திருக்கும்போதே அதை அசைத்தார்கள். ‘கோ மோஷன்’ என்று பெயர் வைத்தார்கள். 1984-இல் இந்தியானா ஜோன்ஸ் படத்தின் சுரங்கவண்டித் துரத்தலில் வரும் சிறுமாதிரிக் காட்சிகளுக்கு, சினிமா கேமரா குட்டிச் சுரங்கத்துக்குள் நுழையாது என்பதால், நிக்கான் புகைப்படக் கேமராவையே மாற்றியமைத்து உள்ளே அனுப்பினார்கள்.

என் மனசுக்கு உகந்தது 1993-இல் பிரிஸ்டல் நகரின் ஆர்ட்மன் நிறுவனத்துக்காக நிக் பார்க் எடுத்த ‘தி ராங் டிரவுசர்ஸ்’. வரவேற்பறைக்குள் பொம்மை ரயில் துரத்தல். எக்ஸ்போஷரை நீட்டி, ஷட்டர் திறந்திருக்கையில் ரயிலையும் கேமராவையும் சேர்த்தே நகர்த்தினார்கள். பொம்மை நாய் குரோமிட்டின் முகம் தெளிவாக நிற்க, சுவர்க்காகிதத்தின் பூக்கள் இழுபட்டு ஓடுகின்றன.

சரி, பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். ராட்சதன் காலை ஊன்றுகிறான். ஊன்றும் ஃபிரேமில் கேமரா அசையக் கூடாது. அடுத்த ஃபிரேமில் அது ஒரே குத்தாக இறங்க வேண்டும்; அதற்கடுத்ததில் மேலே, சற்றுக் குறைவாக; பிறகு கீழே, இன்னும் குறைவாக. 6 ஃபிரேமில், அதாவது கால் நொடியில், அடங்கிவிட வேண்டும். முக்காலியின் ஒரு காலுக்கடியில் மடித்த பஸ் டிக்கெட்டுகளை மாறி மாறி உருவியும் செருகியும் வந்தாலே இது நடக்கும். கையில் பிடித்த ஆட்டத்துக்கு வேறு கணக்கு: மூச்சு விடுவதுபோல் மெதுவான மிதப்பு, இடையிடையே ஒரு சின்ன வெட்டு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மனம்போனபடி நகர்த்தினால் வருவது வெறும் நடுக்கம். பொம்மையை இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை நகர்த்தினாலும், கேமராவை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நகர்த்த வேண்டும்.

2005-இல் ‘கார்ப்ஸ் பிரைட்’ டிஜிட்டல் புகைப்படக் கேமராவில் எடுக்கப்பட்டது. அத்தகைய படம் சினிமாச் சட்டகத்தைவிடப் பெரியது. ஓரத்தில் மிஞ்சும் இடத்துக்குள் சட்டகத்தைக் கணினியிலேயே ஆட்டிக்கொள்ளலாம். இன்று பெரும்பாலோர் செய்வது அதைத்தான். ஆனால் அப்படி ஆட்டினால் முன்னால் நிற்கும் பொம்மையும் பின்னால் நிற்கும் சுவரும் ஒரே அளவு நகரும், கலங்கலும் இருக்காது. எனக்கு அது கேமரா ஆடுவதாகவே படவில்லை, யாரோ திரையை உலுக்குவதாகத்தான் படுகிறது. 2021-இல் ‘மார்செல் என்ற சிப்பி’ படத்தவர்கள் பாடுபட்டார்கள். முதலில் நிஜ வீட்டில் கையில் பிடித்த கேமராவில் எடுத்துக்கொண்டு, அதே வெளிச்சத்தை மேசையில் திரும்ப உண்டாக்கிப் பொம்மையை அசைத்து, இரண்டையும் பொருத்தினார்கள். அதில் உள்ள ஆட்டம் மனிதக் கையின் ஆட்டம்.

மென்பொருளின் ஷேக் பட்டனை அழுத்துவதற்கு முன், பிள்ளைகளே, அந்த ரயில் துரத்தலை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பாருங்கள். எது கலங்குகிறது, எது கலங்கவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அப்புறம் மேசைக்கு வாருங்கள்.